ஒன்னு, ஆறு, பத்தும் ஒன்னும்

கண்ணுக்குத் தெரியாததை அளக்கத்தான்
இந்தக் குன்றின்மேல் எனக்குச் சம்பளம்.
மடிக்கணினியைத் தாம்பாளம்போல் ஏந்தி
வெஸ்ட்வில் வளாகத்தின் படிகளை ஏறி இறங்குகிறேன்.
பின்னால் ஏணியோடு குபேன் மூட்லி.
தூரத்தில் டர்பன் துறைமுகத்துப் பளுதூக்கிகள்
யாருக்கோ தலையாட்டிக்கொண்டு நிற்கின்றன.

எங்கள் அளவையில் எல்லா எண்ணும் கழித்தல்.
மைனஸ் ஐம்பது நல்ல இடம்,
எழுபது சுமார்,
தொண்ணூறில் பேச்சுமூச்சு இல்லை.
இங்கே எல்லோரும் கடன்காரர்கள் குபேன்,
கடன் குறைந்தவனைத்தான் பணக்காரன் என்கிறோம்
என்றேன்.
சிரித்து வைத்தான். தமிழ் அவனுக்குப்
பத்து வரை எண்ணவும்
தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் குரல் கொடுக்கவும்தான்.

அதுவே போதுமாயிருந்தது.
ஒன்றையொன்று மிதிக்காத அலைவரிசை மூன்றே மூன்று.
நூலகத்துக்கு ஒன்று,
வேதியியலுக்கு ஆறு,
உணவுக்கூடத்துக்குப் பதினொன்று.
ஏணி உச்சியிலிருந்து கேட்பான்:
"ஒன்னா? ஆறா?
பத்தும் ஒன்னுமா?"
என் நோட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

பெயர் வைக்க மூன்று கூட்டம்.
முதலாவதில் பெயர் நீளமா குட்டையா,
இரண்டாவதில் ஆங்கிலமா ஜூலுவா,
மூன்றாவதில் பிஸ்கட் தீர்ந்ததும்
பழைய பெயரே இருக்கட்டும் என்று எழுந்தார்கள்.
செவ்வாய்க்கிழமை ஒரு குரங்கு
பதினான்காம் ஆன்டெனாவைக் கடித்துப் பார்த்து
உப்பில்லை என்று துப்பியது.
புதன்கிழமை மின்வெட்டு.
அணைந்த பெட்டியின் மிச்சச் சூட்டில்
வயிறு ஒட்டிப் படுத்திருந்தது பல்லி.

வரைபடம் முழுக்கப் பச்சை,
கீழ்வாசல் மட்டும் சிவப்பு.
அங்கே மாணவர் நடமாட்டம் இல்லை
என்கிறது அறிக்கை.
பகலில் எழுதிய அறிக்கை.

இரவு பத்தேகாலுக்கு இறங்கிப் போனேன்.
கடைசிப் பேருந்துக்கு முப்பது பேர்
காவல் கூண்டின் சுவரோரம்.
அலை வருகிறதா என்று
தண்ணீர் வராத குழாய்க்குக் குடம் மாற்றுவதுபோல்
போனை அங்கும் இங்கும் நீட்டுகிறார்கள்.
காவலர் ஷெலெம்பேயின் நாற்காலி
சுவரின் ஒரு மூலையில்.
அதன்மேல் ஏறி நின்று
வலக்கையை உயர்த்தினால் ஒரு கோடு வருமாம்.
ஆளுக்கு ஐந்து நிமிடம். வரிசை.
கணக்கு அவருடைய விசில்.

இப்போது மேலே நிற்பவள் நோம்புமெலெலோ,
பொறியியல் இரண்டாம் ஆண்டு.
நள்ளிரவுக்குள் அனுப்பவேண்டிய வரைபடம்
நாற்பது சதவீதத்தில் திக்கி நிற்கிறது.
டேட்டா வாங்கினால் பேருந்துக் காசு போகும்
என்றாள், என்னைப் பார்க்காமல்.
விசில் ஊதும் நேரம் கடந்தும்
ஷெலெம்பே ஊதவில்லை.
அடுத்து நின்றவன்
தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் சான்றிதழ் வாங்கிச் செய்யும் வேலையை
எனக்கு முன்பே ஒருவர்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியால் நடத்திக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாம் பெட்டி
துறைத்தலைவர்களின் தேநீர் அறைக்கு என்று இருந்தது.
அங்கே ஏற்கெனவே இரண்டு உண்டு, ஆறு பேருக்கு.
மறுநாள் அதைக் கூண்டின் நெற்றியில் திருகினோம்.
இடமாற்றப் படிவத்தில் காரணம் என்னும் கட்டத்தில்
குரங்குத் தொல்லை
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
குபேன் படித்தான்.
ஏணியை மடக்கினான்.

அன்றிரவு இணைந்தவர் முப்பத்தொருவர்.
மைனஸ் நாற்பத்தெட்டு.
ஷெலெம்பேயும் போனை எடுத்தார்.
திரை அவரிடம் மாணவர் எண் கேட்டது.
இந்த வாசலில் பத்தும் ஒன்னும் ஆண்டு நிற்பவரை
விருந்தினர் என்று பதிவு செய்தேன்,
வேறு கட்டம் இல்லை.
அரை மணிக்கொருமுறை அவரை அது வெளியே தள்ளும்,
மறுபடி பெயர் கேட்கும்.
பரவாயில்லை, பெயர் ஞாபகம் இருக்கிறது என்றார்.

பேருந்து போனபின்
நாற்காலியிலிருந்த செருப்புத் தடங்களைத்
துணியால் துடைத்துவிட்டு
உட்கார்ந்தார்.